கடகத்தின் விலையும் கையின் கூலியும்

கைவினைப் பொருளின் எழிலைப் பாராட்டுவது தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரின் தெருக்களை வருணிக்கையில் நெசவாளர், குயவர், கொல்லர், தச்சர், பொற்கொல்லர் எனத் தொழில்வல்லோரை வரிசையாக நிறுத்துகின்றது. புறநானூற்றிலே சிறு விளக்கின் ஒளியில் இரவிலும் பஞ்சு வேலை செய்யும் பெண்ணொருத்தி தோன்றுகின்றாள். இவ்விடங்களை நம் பண்டிதர்கள் மேடைதோறும் எடுத்துக்காட்டுவர். பண்டைத் தமிழரின் கைத்திறனுக்குச் சான்று என்பர். விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு இரவிலும் அவள் ஏன் வேலை செய்தாள் என்று கேட்பதில்லை. பகல் உழைப்பு வயிற்றுக்குப் போதவில்லை என்பதே அவ்விளக்கு சொல்லும் செய்தி என நாம் கொள்கிறோம். நயம் பாராட்டும் கண்ணுக்கு அது தென்படுவதில்லை.

இப்பார்வை ஏட்டோடு நின்றிருந்தால் நாம் இத்தனை கவலைப்பட வேண்டியதில்லை. இன்றைய கைவினைஞரின் கூலியைத் தாழ்த்தி வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்பதாலேயே அதனை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். ஒரு பொருளைக் ‘கலை’ என்றும் ‘மரபு’ என்றும் அழைக்கத் தொடங்கியதும், அதனைச் செய்ய எத்தனை மணிநேரம் சென்றது என்ற வினா நாகரிகமற்றதாகி விடுகின்றது. விலை பேசுவோருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

திருக்கோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் பெருந்தெருவில் உப்புவெளியைக் கடந்ததும் சாம்பல்தீவு வருகின்றது. பெயரில் தீவு உண்டெனினும் இது கடலும் களப்பும் மணலும் பனையும் கூடிய ஒரு கரையோரக் கிராமம். போர் இப்பகுதி மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. அதன் பின்னர் நிவாரண நிறுவனங்கள் வந்தன, வாழ்வாதாரப் பயிற்சி என்ற பெயரில் கைவினை வகுப்புகள் பலவற்றை நடத்தின, சான்றிதழ் வழங்கின, படம் பிடித்துக்கொண்டு சென்றன. 2009இல் போர் முடிந்தபின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாச விடுதிகள் பெருகின. 2003இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவைக் காணப் பயணிகள் இந்தத் தெருவால்தான் செல்கின்றனர். விடுதியின் வரவேற்பறை மேசையிலே பழம் நிரப்பிய ஓலைப்பெட்டி இருக்கின்றது. பயணி அதனை விரும்பி வாங்குகின்றான். அவன் கொடுக்கும் பணத்தில் இழைத்தவளின் கைக்குச் சேர்வது எவ்வளவு? இந்த வினாவை எழுப்புவதற்கு இக்கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது. உழைப்பவளும் வாங்குபவனும் ஒரே தெருவின் இருபுறத்தில் இருக்கின்றனர். இருவரும் சந்திப்பதோ இல்லை.

முதலில் அந்த வேலை எத்தகையது என்று பார்ப்போம். நம் வாசகர்களிற் பலர் கடகத்தையும் சுளகையும் நீத்துப்பெட்டியையும் வீட்டில் கண்டு வளர்ந்தவர்கள். அவை ஆகும் விதத்தைக் கவனித்தவர்கள் சிலரே. பனையின் விரியாத குருத்தை மரத்தில் ஏறி வெட்ட ஆள் வேண்டும். அவருக்குக் கூலி உண்டு; அது உடனே கொடுக்கப்பட வேண்டியது. ஒரு மரத்தில் அளவுக்கு மீறி வெட்டினால் மரம் நலிந்துவிடும் என்பதால் குருத்து வேண்டியபோதெல்லாம் கிடைப்பதுமில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாகப் பனைகள் எண்ணற்றவை தறிக்கப்பட்டன. அந்தக் குறை இன்னும் நிரம்பவில்லை. வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் உலர்த்த வேண்டும். மழை வந்தால் எடுத்து வைத்துப் பின் மீண்டும் விரிக்க வேண்டும். ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலமாக வார்ந்தெடுக்க வேண்டும். நிறம் வேண்டுமெனில் அடுப்பு மூட்டிச் சாயம் காய்ச்சி, அதில் இட்டு எடுத்து, மறுபடி உலர்த்த வேண்டும். இத்தனையும் முடிந்தபின்னரே இழைத்தல் தொடங்குகின்றது. அடியைப் பின்னி, மூலை திருப்பி, சுவரை எழுப்பி, விளிம்பை மடித்து, நார் வைத்துப் பொத்தி முடிக்கும் வரை முதுகு வளைந்திருக்க, கண் ஓரிடத்திலேயே நிலைத்திருக்க வேண்டும். ஓலையின் கூர்விளிம்பு விரல்களை அறுக்கும். தேர்ந்த கை விரைவாகச் செய்யும் என்பர். உண்மைதான், அந்த விரைவைப் பெறுவதற்கு அவள் செலவிட்ட ஆண்டுகள் எந்த விலைச்சீட்டிலும் ஏறியதில்லை.

பெட்டிக்கு விலை பேச வருபவர் இழைத்த நேரத்தைக்கூட எண்ணுவதில்லை. உலர்த்திய நேரத்தையும் வார்ந்த நேரத்தையும் எங்கே எண்ணப் போகிறார்? அவர் எண்ணுவது பெட்டிகளை மட்டுமே. ஒன்றுக்கு இவ்வளவு, பத்துக்கு இவ்வளவு. பத்தில் ஒன்று கோணலாயின் அதற்கு ஒன்றுமில்லை. மழையினால் ஓலை கறுத்துப்போன நட்டம் அவளுடையது. பயணிகள் வராத காலத்தில் பெட்டிகள் தேங்கும் நட்டமும் அவளுடையதே. ஆபத்தை முழுவதும் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிட்டு, இலாபத்தை மட்டும் கடைமுதல்வன் ஏற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குத் துண்டுக்கூலி என்று பெயர். துண்டுக்கூலி என்பது நேரக்கூலியின் மாறிய வடிவமே என்று கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் விளக்கியிருக்கின்றார். அந்த விளக்கத்தைத் தலைகீழாகப் பிடித்தால் நமக்கு ஓர் ஆயுதம் கிடைக்கின்றது. துண்டுக்கூலியை எப்போதும் நேரக்கூலியாக மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். வெளிப்படக்கூடாது என்பதற்காகவே ஒரு சொற்றொடரை நம் சமுதாயம் கண்டுபிடித்து வைத்திருக்கின்றது: ‘ஓய்வு நேர வேலை’.

இச்சொற்றொடரைச் சற்று நிறுத்தி விசாரிப்பது அவசியம். வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஓலை இழைக்கின்றனர். கிடைக்கும் சிறுபணம் அவர்களுக்கு உபரி. ஆகவே அதனைக் கூலி என்று கருதலாகாது என்பது வாதம். திட்ட அறிக்கைகளில் இது ‘மேலதிக வருமானம்’ என்ற கௌரவமான பெயரைப் பெறுகின்றது. விடியுமுன் எழுந்து நீர் அள்ளி, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, மீன் கருவாட்டு வேலையும் பார்த்து, பின்னேரம் ஓலையைக் கையில் எடுக்கும் ஒருத்தியின் நாளில் ஓய்வு எங்கே இருக்கின்றது என்று அவ்வறிக்கைகள் சொல்வதில்லை. போரில் கணவனை இழந்து தானே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் கிழக்கு மாகாணத்தில் பெருந்தொகையினர். அவர்களுக்கு இது எந்த வருமானத்துக்கு ‘மேலதிகம்’?

இந்த நாடகம் இங்கே மட்டும் நடப்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வைக்கோல் பின்னும் தொழில் இருந்தது. பட்டணத்துச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்கான பின்னல்களைக் கிராமத்துப் பெண்களும் குழந்தைகளும் செய்து கொடுத்தனர். ‘பின்னற் பள்ளிகள்’ என்ற பெயரில் சிறு அறைகளில் பிள்ளைகளை நெருக்கி அமர்த்தியிருந்தனர். நான்கு வயதிலும் அதற்கு முன்னருங்கூட அவர்கள் பின்னத் தொடங்கினர். நாளொன்றுக்கு இத்தனை முழம் முடிக்க வேண்டும் என்று பெற்ற தாயே கட்டளையிட வேண்டியிருந்தது. அரசாங்க விசாரணை அறிக்கைகளிலிருந்து இவ்விவரங்களை மார்க்ஸ் தம் நூலில் எடுத்துத் தருகின்றார். அந்தத் தொப்பிகளும் அழகானவையே. அவற்றை அணிந்தவர்களும் கிராமியக் கலையைப் போற்றியவர்களே.

*

நம் நாட்டில் கைவினை பற்றிய சிந்தனைக்கு அடித்தளமிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்த அவர், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலையும் 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். முன்னது, ஆங்கிலக் கவிஞரும் சமதர்மவாதியுமான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே அச்சிடப்பட்டது. இயந்திர உற்பத்தி மனிதனின் கையையும் மனத்தையும் பிரித்துவிட்டது என்ற அவரது கண்டனத்தில் ஆழமான உண்மை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆயின் அவரைப் போற்றுவோர் அவர் நூலைப் பாதியே படித்திருக்கின்றனர் என்று சொல்லத் துணிகிறோம். கண்டி இராச்சியத்துக் கைவினைஞர் தம் சேவைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர் என்பதைக் குமாரசுவாமி விரிவாகப் பதிவு செய்கின்றார். தச்சனுக்கும் தட்டானுக்கும் சித்திரக்காரனுக்கும் வயல் இருந்தது. வயல் சோறு போட்டது. சோற்றைப் பற்றிய அச்சம் இல்லாததால் அவசரமின்றி வேலை செய்ய முடிந்தது. அந்த அமைப்பு சாதிக்கட்டுப்பாட்டின் மேலும் மன்னனுக்குச் செய்யும் கட்டாய ஊழியத்தின் மேலும் நின்றது. குமாரசுவாமி அதனை இலட்சியமயமாக்கினார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. எனினும் கலைக்கு அடியில் வாழ்க்கைக்கான உத்தரவாதம் ஒன்று இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. பின்வந்த இரசிகர்கள் அழகை எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டனர். மரபு, ஆன்மா, தொன்மை ஆகிய மூன்றும் மேடைக்கு வந்தன, வயல் வரவில்லை. நிலமும் இல்லாமல், கூலியும் இல்லாமல், மரபை மட்டும் காப்பாற்று என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எத்தகைய கொடுமை!

மொறிஸுக்காவது இம்முரண்பாடு உறுத்திற்று. தாம் கையால் செய்வித்த அழகிய பொருள்கள் செல்வர் வீட்டுக்கே போகின்றன என்பதைக் கண்டு அவர் மனம் கசந்தார். அந்தக் கசப்பு அவரைத் தொழிலாளர் இயக்கத்துக்கு இட்டுச் சென்றது. நம் கைவினை இரசிகர்களைக் கசப்பு தீண்டுவதாகத் தெரியவில்லை.

இலக்கியக்காரர்களாகிய நாம் பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானபின் தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற குரல்கள் ஓங்கின. தமிழகத்தின் நகல்களாக எழுதிக்கொண்டிருந்த கதைகள் தம் சொந்த மண்ணுக்குத் திரும்பியது அந்த இயக்கத்தின் பெரும் சாதனை. கடகம், உமல், குட்டான், சுளகு, பிளா என்ற சொற்கள் கதைகளுக்குள் வந்தன. வந்தவை சொற்கள். ஒரு பாத்திரம் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகும். பின்னணியில் ஒரு கிழவி திண்ணையில் ஓலை வார்ந்துகொண்டிருப்பாள். அவள் கதையின் சூழலாக இருந்தாளே ஒழியக் கதையாக ஆனது குறைவு. மண்ணின் வாசனையை முகர்ந்தோம். அந்த வாசனைக்குள் இருந்த வியர்வையைப் பிரித்தறியவில்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை ஒப்புநோக்குவது பயனுடையது. இதே திருக்கோணமலை மாவட்டத்தின் மூதூரில் தோன்றிய வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ என்ற சிறுகதையை நம் வாசகர் அறிவர். கடலோடு பிறந்து கடலில் உழைப்பவனுக்குச் சொந்தத் தோணி இல்லை என்ற ஏக்கத்தை ஒரு சிறுவனின் உள்ளத்தில் வைத்துக் காட்டிய கதை அது. உற்பத்திச் சாதனம் யாருக்குச் சொந்தம் என்னும் வினா அங்கே அரசியற் சொல் ஒன்றுமின்றி எழுகின்றது. தமிழகத்திலே 1953இல் வெளிவந்த தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நூல் கிடைக்காமல் தவித்த கைத்தறி நெசவாளரை நாவலின் நடுவில் நிறுத்திற்று. செக் மொழிக்கும் பெயர்க்கப்பட்டது. 1979இல் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதினார். வேலைத்தலத்துக்கே சென்று கேட்டறிந்து எழுதியவர் அவர். தோணி, தறி, உப்பளம் ஆகிய மூன்றிலும் சுரண்டுபவன் கண்ணுக்குத் தெரிகின்றான். தோணிக்கு உடைமையாளன் உண்டு. நூலைப் பதுக்கியவன் உண்டு. அளத்துக்கு முதலாளி உண்டு.

ஓலை இழைப்பவளின் நிலை இதனின்றும் வேறானது என்பதை நம் எழுத்தாளர் கவனிக்க வேண்டும். கத்தி அவளுடையது. வீடு, முற்றம், வெயில் அவளுடையவை. கைகள் அவளுடையவை. அவளுக்கு மேலே கங்காணி நிற்பதில்லை, சங்கு ஊதுவதில்லை. உற்பத்திச் சாதனங்களின் உடைமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பார்ப்பவர் அவளைச் ‘சிறுவுடைமையாளர்’ என்று வகைப்படுத்திவிட்டு மேலே செல்லக்கூடும். அங்கே சுரண்டல் நடைபெறும் இடம் விலை. சந்தைக்குச் செல்லும் வழியை வைத்திருப்பவனே அவளுக்கு முதலாளி. ஆனால் அவன் தன்னை முதலாளி என்று சொல்வதில்லை, ‘ஓடர் கொடுப்பவர்’ என்றே சொல்லிக்கொள்கின்றான். இந்த உருவமற்ற உறவைக் கதையாக்குவது கடினம். கடினமானது என்பதாலேயே நல்ல எழுத்தாளனுக்கு அது ஏற்றது.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூரலாம். தமிழகக் கைத்தறி நெசவாளர் பட்டினியால் வாடிய 1953ஆம் ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்கள் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். மக்கள் உள்ளத்தைத் தொட்ட செயல் அது. தேங்கிய துணி விலை போயிற்று. ஆனால் விற்பனை பெருகினால் நெசவாளனுக்குக் கூலி தானே பெருகும் என்ற நம்பிக்கை அதனோடு நிலைபெற்றுவிட்டது. இன்றும் கைவினைக் கண்காட்சி திறந்து வைக்கும் ஒவ்வொரு பிரமுகரும் ‘கைவினைஞரை ஆதரிப்போம், வாங்குவோம்’ என்றே பேசுகின்றார். வாங்கும் தொகையில் எத்தனை பங்கு கைக்குச் செல்கின்றது என்பதைப் பேச்சில் சேர்ப்பதில்லை.

*

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 1964இல் லக்சல விற்பனை நிலையம் தொடங்கப்பட்டது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கற்பகம் என்ற பெயரில் அதன் விற்பனை நிலையங்கள் இயங்கின. 1982இன் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையை உருவாக்கிற்று. அருங்கலை! பெயரிலேயே மாலை சூட்டிவிட்டனர். போட்டிகள் உண்டு, விருதுகள் உண்டு, பதிவு அட்டைகள் உண்டு. ஆனால் தொழிற்சட்டத்தின் ஏடுகளில் இந்த அருங்கலைஞரைத் தேடினால் காணோம். ஒரு திணைக்களம் அவரைக் கலைஞர் என்கின்றது. இன்னொன்று சுயதொழில் செய்பவர் என்கின்றது. தொழிலாளி என்று அழைப்பதற்கு ஒருவருமில்லை. கலைஞருக்கு விருது கிடைக்கும். கூலி தொழிலாளிக்கு மட்டுமே சட்டப்படி கிடைக்கும்.

இலங்கையின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டினது. தொழில்வாரியாகச் சபை அமைத்து, வேலைகொள்வோரும் தொழிலாளரும் எதிரெதிரே அமர்ந்து குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்க அது வழிசெய்தது. பீடி உற்பத்திக்குக்கூட ஒரு சபை உண்டு. ஓலை இழைத்தலுக்கு இல்லை. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான தேசியக் குறைந்தபட்ச வேதனத்தை மாதம் 10,000 ரூபாவாகவும் நாளொன்றுக்கு 400 ரூபாவாகவும் நிர்ணயித்தது. 2021இல் அது 12,500 ரூபாவாகவும், 2024இல் 17,500 ரூபாவாகவும் உயர்ந்தது. 2025இன் திருத்தம் அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபாவையும், 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாவையும் நாளொன்றுக்கு 1,200 ரூபாவையும் விதித்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது என்பதை நினைத்தால் இவ்வுயர்வுகள் தாராளமானவை அல்ல. எனினும் அவை உயர்வுகள். வீட்டில் இருந்து இழைப்பவளுக்கு வேலைகொள்வோர் என்று சுட்ட ஒருவர் இல்லாததால் இவ்வுயர்வுகளில் ஒன்றும் அவள் படலையைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

வருவிக்க முடியும் என்பதற்கு உலகில் முன்னுதாரணங்கள் உண்டு. இந்தியாவின் 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலியை மாநில அரசுகள் நிர்ணயித்தன. ஏமாற்று நின்றுவிடவில்லை, இலை மோசம், எண்ணிக்கை குறைவு என்று கழித்துக் கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. எனினும் நீதிமன்றத்தில் காட்டுவதற்கு ஓர் எண் இருந்தது. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா சங்கம் பீடி சுற்றுவோர், துணி தைப்போர் போன்ற வீட்டுத் தொழிலாளரைத் திரட்டி அந்த எண்ணுக்காகப் போராடிற்று. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1996இல் வீட்டு வேலைப்பாடு பற்றிய 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியதில் அத்தகைய சங்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. வீட்டிலிருந்து பிறருக்குப் பொருள் செய்து கொடுப்பவரை ஏனைய கூலித்தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கையும் இந்தியாவும் அதனை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

நியாயமான துண்டுக்கூலியை எவ்வாறு கணக்கிடுவது என்று கேட்பவருக்குப் பிரித்தானியச் சட்டத்தில் எளிய விடை ஒன்று கிடைக்கின்றது. அங்கே 2004இல் வந்த ஒழுங்கின்படி, வேலை கொடுப்பவர் முதலில் தொழிலாளரை வைத்து ஒரு மணிநேரத்தில் சராசரியாக எத்தனை உருப்படிகள் செய்யப்படுகின்றன என்று சோதித்தறிய வேண்டும். மணிக்கான குறைந்தபட்சக் கூலியை அச்சராசரியால் வகுத்து, வருவதனை 1.2 ஆல் பெருக்க வேண்டும். அந்த 1.2 எதற்காக? சராசரி என்பது வேகமான கையையும் மெதுவான கையையும் கலந்து பெற்றது. பெருக்காவிடில் மெதுவான கைகளுக்குக் குறைந்தபட்சமும் கிடைக்காது. கருணையைச் சட்டம் கணிதமாக எழுதியிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதனைச் சாம்பல்தீவுக்குக் கொண்டுவந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்கானவை. நாட்கூலி 1,200 ரூபா எனில் எட்டு மணிநேர நாளில் மணிக்கு 150 ரூபா. உலர்த்தல், வார்தல், சாயமிடல் உட்பட ஒரு நடுத்தரப் பெட்டிக்குச் சராசரி நான்கு மணிநேர வேலை என்று கொண்டால் 600 ரூபா, 1.2 ஆல் பெருக்கினால் 720 ரூபா. ஓலைக்கும் சாயத்துக்கும் விறகுக்கும் உரிய செலவு தனி. ஓடர் கொடுப்பவர் எல்லாம் சேர்த்து 300 ரூபா தருகிறார் என்றால், பொருட்செலவைக் கழிக்காமலே அவள் மணிக்கு 75 ரூபாவுக்கு, அதாவது சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தின் பாதிக்கு வேலை செய்கின்றாள். இதற்கு மேல் விருது ஒன்றும் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன?

‘இவ்வளவு கேட்டால் வாங்குபவர் பிளாஸ்திக் கூடைக்குப் போய்விடுவார், இருக்கும் தொழிலும் அழியும்’ என்ற மறுப்பை நாம் எதிர்பார்க்கிறோம். அதில் பாதி உண்மை உண்டு. நெல் அள்ளவும் மீன் சுமக்கவும் கடகம் வாங்கிய வீடுகள் எப்போதோ பிளாஸ்திக்குக்குப் போய்விட்டன. அந்தச் சந்தையில் ஓலையின் கூலி உயரவே இல்லை; உயராமலே சந்தை போயிற்று. மலிவு அதனைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனிக்க. இன்று எஞ்சியிருப்பது விடுதி, அன்பளிப்புக் கடை, கொழும்புக் காட்சியறை, வெளிநாட்டுத் தமிழர் வீடு ஆகியவற்றின் சந்தை. அங்கே வாங்குபவர் மலிவைத் தேடி வருபவரல்லர். கையால் செய்தது என்பதற்காகவே வருபவர். அந்தக் கைக்குரியதைக் கூட்டினால் அவர் ஓடிவிடுவார் என்பது கடைக்காரர் தம் இலாபப் பங்கைக் காப்பதற்குச் சொல்லும் கதை. உலக நியாய வர்த்தக அமைப்பைச் சேர்ந்த நிறுவனங்கள் நியாயமான கொடுப்பனவை ஒரு விதியாக ஏற்று வாணிபம் செய்கின்றன, அவை அழிந்துவிடவில்லை. எனினும் வாங்குபவரின் மனச்சாட்சியை நம்பி ஒரு தொழிலாளியின் உணவை வைக்கலாகாது என்பதால் அம்முயற்சிகளைப் பாராட்டுவதோடு நாம் திருப்தியடைய முடியாது. புவிசார் குறியீடும் அப்படித்தான். தமிழகத்தின் பத்தமடைப் பாய் அதனைப் பெற்றிருக்கின்றது. அது பாயின் பெயரைக் காக்கும், கோரையைப் பின்னுபவளின் கூலியைக் காக்காது.

பனையிலேயே ஒரு பாடம் இருக்கின்றது. வட மாகாணத்தில் கள் இறக்கும் தொழிலாளர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தவறணை குத்தகைக்காரரிடம் தலைமுறை தலைமுறையாகச் சிக்கியிருந்த அவர்கள் 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். தாம் இறக்கியதைத் தம் சங்கத்துக்கே அளந்து கொடுத்து, அளவுக்கு விலை பெற்றனர். அச்சங்கங்களின் பின்னைய குறைகள் பல; அவை இங்கே வேண்டா. நாம் காண்பது ஒன்று: அதே மரத்தின் உச்சியில் ஆணின் உழைப்பு போத்தலால் அளக்கப்பட்டது, அடியில் அமர்ந்து ஓலை இழைத்த பெண்ணின் உழைப்பை அளக்க ஒரு போத்தல் கண்டுபிடிக்கப்படவில்லை. கூட்டுறவு அவளையும் உறுப்பினராக்கிய இடங்களிலும் பெட்டிக்கு விலை வைத்தது பழைய வழக்கப்படியே.

ஆகவே அளக்கத் தொடங்குவோம். அதற்கு ஆணைக்குழு வேண்டியதில்லை. இம்மஞ்சரியைப் படிப்போரிற் பலர் ஆசிரியர்கள். இக்கரையோரப் பாடசாலைகளில் கணிதம் கற்பிப்பவர்களும் அவர்களுள் இருப்பர். உயர்வகுப்பு மாணவர் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு கொப்பி போதும். தம் தாயிடமோ அயலிலுள்ள அன்ரியிடமோ அனுமதி கேட்டு, ஒரே அளவான பெட்டிகள் பத்து முடியும் வரை குறித்துக்கொள்ளட்டும். முதல் நிரலில் ஓலைக்கும் சாயத்துக்கும் கொடுத்த காசு. இரண்டாவதில் உலர்த்தி வார்ந்து சாயமிட்ட நேரம். மூன்றாவதில் இழைத்துப் பொத்திய நேரம். இடையில் அடுப்பைப் பார்க்க எழுந்ததைக் கழித்துவிடலாம், குழந்தையைத் தூக்கியதையும் கழித்துவிடலாம், எண்ணைக் குறைத்துச் சொன்னதாகவே இருக்கட்டும். நான்காவதில் கையில் வந்த பணம். ஐந்தாவது நிரலை வெறுமையாக விட்டு, நிலாவெளி வீதியில் அதே பெட்டிக்கு ஒட்டப்பட்டிருக்கும் விலையைப் பார்த்து வந்து நிரப்பட்டும்.